ரெண்டு நாளில் ஆறு படை வீடு: நம்ம பிளானில் அன்புக்கு எத்தனை நிமிஷம்?

ஓம் சரவணபவ.



மார்கழி முடியுற நேரம் வந்தாலே நம்ம க்ரூப்புகளில் ஒரு பேச்சு கிளம்பிடும். "இந்த வருஷம் பைக்லயே ஆறு படை வீட்டையும் பார்த்துட்டு வந்துடலாமா?" திண்டுக்கல் பசங்களுக்கு இந்த ஆசை வர்றதில் ஆச்சரியமே இல்ல. மலைக்கோட்டை மேல ஏறி நின்னா ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவுல கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சமவெளி. நாலு திசைக்கும் ரோடு பிரியுற ஊர் இது. பழனி 60 கிலோமீட்டர். திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் மதுரைப் பக்கம், 100 கிலோமீட்டருக்குள்ள. ஆக மூணு படை வீடு நம்ம வாசல்லயே இருக்கு. மிச்சம் மூணும் தான் தூரம்: தெற்கே திருச்செந்தூர், கிழக்கே சுவாமிமலை, வடக்கே திருத்தணி.

எங்க க்ரூப்பில் ஒரு தம்பி போட்ட பிளான் இது: வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிறு ராத்திரி வீடு. 48 மணி நேரம், ஆறு படை வீடு. உடனே க்ரூப் ரெண்டா பிரிஞ்சது. "சூப்பர் தம்பி, முருகன் கூட இருப்பார்"னு ஒரு பாதி. "இது பக்தியா, பைக் ரேஸா?"ன்னு இன்னொரு பாதி. ராத்திரி 12 மணி வரைக்கும் சண்டை ஓடுச்சு.

ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லன்னு எனக்குத் தோணுச்சு. அதைத்தான் இங்க பேசப் போறேன்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

திண்டுக்கல்லில் கிளம்பி ஆறு கோயிலையும் சுத்தித் திரும்பி வர ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஊருக்குள்ள நிக்கிறது, டீக்கடை, டிராஃபிக் எல்லாம் சேர்த்தா பைக்கில் சராசரியா மணிக்கு 50 கிலோமீட்டர் வந்தாலே நல்ல வேகம். அப்போ வண்டி மேல மட்டும் 30 மணி நேரம். 48-ல் மிச்சம் 18. ரெண்டு ராத்திரிக்கும் சேர்த்து 10 மணி நேரம் தூக்கம்னு வைங்க. மிச்சம் 8. ஒரு கோயிலுக்கு ஒரு மணி நேரம்னா 6 போயிடும். கடைசியில் கையில் நிக்கிறது 2 மணி நேரம்.

அந்த 2 மணி நேரத்துக்குள்ளதான் ரெண்டு நாள் சாப்பாடு, பெட்ரோல், பஞ்சர், மழை, மதியம் நடை சாத்தின கோயில் வாசலில் காத்திருக்கிறது, எல்லாமே அடங்கணும். தை மாசத்தில் பழனியில் ஒரு மணி நேரத்தில் தரிசனம்னு எழுதின பேப்பரைப் பார்த்தா பழனிக்காரங்க சிரிப்பாங்க.

சரி, இது நடக்குமா நடக்காதான்றது ஒரு கேள்வி. என் கேள்வி வேற. இந்த பேப்பரில் இன்னொரு மனுஷனுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்? பூஜ்யம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யல. யோசிக்கவே இல்ல, அவ்வளவுதான்.

இயற்கையை ரசிக்கிறது தப்பா?

"பக்தின்னா கோயிலுக்குப் போகணும், வ்யூ பாயின்ட்ல நின்னு ரீல்ஸ் எடுக்கக் கூடாது"ன்னு சில பெரியவங்க சொல்றாங்க. இதை நான் ஒத்துக்க மாட்டேன். முருகன் யாரு? குறிஞ்சி நிலத்துக் கடவுள். மலையும் மலை சார்ந்த இடமும்னு நம்ம முன்னோர் ஒரு நிலத்தையே அவருக்குன்னு கொடுத்திருக்காங்க. மலையை ரசிக்காம அவரை மட்டும் எப்படி ரசிக்கிறது?

பழனிக்கு நேரா போகாம, வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏறிப் பாருங்க. மேல குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கு. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குற குறிஞ்சி 2018-ல் அந்த மலையெல்லாம் பூத்தது, இனி 2030. வானம் தெளிவா இருந்தா அந்தக் கோயில் பக்கத்தில் நின்னாலே தூரத்தில் கீழே பழனி தெரியும். அங்கிருந்து உள்ளே பூம்பாறை போனா, படிக்கட்டு மாதிரி வயல்களுக்கு நடுவுல குழந்தை வேலப்பர். திரும்பி வந்து பெருமாள்மலையில் பழனி ரோட்டைப் பிடிச்சு இறங்கினா, ஒவ்வொரு வளைவிலும் சமவெளி கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும். கீழே வந்ததும் வரதமாநதி அணை. அப்புறம் தண்டாயுதபாணி நிக்கிற மலை.

இதை எல்லாம் பார்த்து மனசு நிறைஞ்சா அதுவும் வழிபாடுதான். ஆக, பைக்கும் பிரச்சனை இல்ல, ரசனையும் பிரச்சனை இல்ல. பிரச்சனை அவசரத்தில் இருக்கு.

"இது என் விரதம்"னு சொன்னா?

அந்தத் தம்பி சொன்ன பதில் லேசானது இல்ல. "அண்ணே, கஷ்டப்பட்டு போறதுதானே விரதம்? காவடி எடுக்கிறவங்க உடம்பை வருத்திக்கிறாங்க. நடந்து போறவங்க கால் கொப்பளிச்சுப் போறாங்க. நான் தூக்கம் இல்லாம வண்டி ஓட்டிப் போறேன். என் கஷ்டம் மட்டும் எப்படி குறைஞ்சு போச்சு?"

இதை நான் ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்குக் கிடைச்ச பதில் இதுதான்: விரதத்தோட செலவை யார் உடம்பு கட்டுது?

நடந்து போறவர் தடுமாறினா விழப்போறது அவர். பட்டினி கிடந்தா வாடப்போறது அவர் வயிறு. காவடியோட பாரம் அவர் தோளில். அந்த விரதத்தில் வேற யாரோட உடம்பும் அடமானமா இல்ல.

தூக்கத்தைக் குறைச்சு வேகத்தைக் கூட்டி ஓட்டுற விரதத்தில் அப்படி இல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணு பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க சாதாரணமா ஒன்றரை நொடி ஆகும்னு வைங்க. பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டி 33 மீட்டர் போயிருக்கும். அதுக்கப்புறம் வண்டி நிக்க இன்னொரு 40 மீட்டராவது வேணும். ராத்திரியில் லோ பீமில் அவ்வளவு தூரம் முன்னாடி நடந்து போறவர் தெரியவே மாட்டார். தூக்கக் கண்ணுன்னா கேட்கவே வேணாம்.

அந்த இருட்டில் முன்னாடி நடக்கிறது யாரு? தை மாசம் திண்டுக்கல்–பழனி ரோட்டைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியோட குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியா பல தலைமுறையா நடந்து வர்றாங்க. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமா வருது. பச்சை வேட்டி, மஞ்சப் புடவை, தோளில் பை, இடுப்பில் குழந்தை. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் நிறைய பேர் நடக்கிறாங்க. ரோட்டோரம் அவங்களுக்குன்னு நடைபாதை போட்டிருக்கு. போலீஸ் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுறாங்க. ஆனாலும் பாதை விட்ட இடத்தில் தார் ரோட்டில்தான் நடக்கணும்.

அவங்களும் அரோகரா சொல்றாங்க, நாமளும் அரோகரா சொல்றோம். ஆனா என் விரதத்தோட ஆபத்தில் அவங்களும் பங்குதாரர். அதுவும் அவங்க சம்மதம் கேட்காம. இன்னொருத்தர் உயிரைப் பணயம் வச்சு நான் எடுக்கிற விரதத்துக்கு விரதம்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

நம்ம வண்டி முன்னாடி "யாமிருக்க பயமேன்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம். ஓட்டுற நமக்கு அது தைரியம். அந்த ஹெட்லைட் பின்னாலிருந்து வர்றதைப் பார்க்கிற நடைப்பயணி அம்மாவுக்கும் பயம் இல்லாம இருக்கணும் இல்லையா? அப்போதான் அந்த வாசகம் நம்ம வண்டியில் உண்மை ஆகும்.

அவசரம் மனசை என்ன செய்யுது?

"அண்ணே, நான் கவனமாத்தான் ஓட்டுவேன். யாராவது விழுந்து கிடந்தா கண்டிப்பா நிப்பேன். எனக்கு மனசு இருக்கு"ன்னு நீங்க சொல்லலாம். நான் நம்புறேன். ஆனா மனசு மட்டும் போதுமான்னு சோதிச்சுப் பார்த்தவங்க இருக்காங்க.

அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1973-ல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பாதிரியார் ஆகப் படிச்சுக்கிட்டிருந்த 40 மாணவர்களைக் கூப்பிட்டு, "பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சு பேசணும்"னு அனுப்பினாங்க. அதில் பாதிப்பேருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியன் கதை. போற வழியில் ஒரு ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கிட்டு இருந்தார். அவர் ஆய்வுக்காக நடிக்க வச்சவர். மாணவர்களுக்கு அது தெரியாது.

சிலர்கிட்ட "நிறைய நேரம் இருக்கு"ன்னு சொல்லியிருந்தாங்க. அவங்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினாங்க. "சரியான நேரம், கிளம்புங்க"ன்னு சொல்லப்பட்டவங்களில் 45 சதவீதம். "ஏற்கெனவே லேட், ஓடுங்க"ன்னு சொல்லப்பட்டவங்களில் 10 சதவீதம்தான். உதவி பத்திப் பேசப் போறவரா, வேற எதையோ பேசப் போறவரா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யல. உதவி பத்திப் பேசப் போனவங்களிலேயே சிலர் அந்த ஆளைத் தாண்டிக் கால் வச்சுப் போனாங்களாம்.

அவங்க கெட்டவங்க இல்ல. கடவுளுக்காக வாழ்க்கையைக் கொடுக்க வந்தவங்க. அவங்க கையில் இல்லாதது நேரம் மட்டும்தான்.

இன்னொன்னையும் மறைக்காம சொல்லணும். நேரம் இருந்தவங்களிலும் மூணில் ஒருத்தருக்கு மேல உதவல. ஆக நேரம் இருந்தா மட்டும் நல்லவன் ஆயிட முடியாது. ஆனா நேரம் இல்லாம ஆக்கிட்டா, நல்லவனும் நல்லது செய்யுறது கஷ்டம்.

அதனால நான் வந்து சேர்ந்த முடிவு இது. அன்புன்றது ரோட்டில் அந்த நொடியில் பொங்குற உணர்ச்சி மட்டும் இல்ல. வீட்டில் உட்கார்ந்து பேப்பரில் பிளான் எழுதும்போதே அதில் பாதி முடிவாயிடுது. இறுக்கமான பிளான் போடும்போது "வழியில் யாருக்காகவும் நான் நிக்கப் போறதில்ல"ன்னு நமக்கே தெரியாம கையெழுத்துப் போடுறோம்.

நம்ம ரோடு சொல்ற பாடம்

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. திண்டுக்கல்லில் இருந்து பழனி போற ரோட்டில் ஊர் பேரைக் கவனிச்சுப் பாருங்க. ரெட்டியார்சத்திரம். ஒட்டன்சத்திரம். சத்திரப்பட்டி. ஒவ்வொரு பேரிலும் ஒரு சத்திரம்! நாம இன்னைக்கு ஒட்டன்சத்திரம்னா காய்கறி மார்க்கெட்னு நினைக்கிறோம். ஆனா சத்திரம்னா வழிப்போக்கன் இறங்கி, தண்ணி குடிச்சு, படுத்து எழுந்து போற இடம்.

அந்தக் காலத்தில் பயணம்னா நிக்கிற இடங்களை வச்சுத்தான் கணக்கு. முகம் தெரியாத ஒருத்தன் களைச்சு வருவான்னு யோசிச்சு, அவனுக்காக முன்கூட்டியே திண்ணையும் அடுப்பும் வச்சிருக்காங்க. இன்னைக்கும் தை மாசம் அந்த ரோட்டில் ஊர்க்காரங்க பந்தல் போட்டு மோர், கஞ்சி, சோறு கொடுக்கிறாங்க. நாமளோ மேப்பில் அந்த ஊரெல்லாம் "தாண்ட வேண்டிய இடம்"னு பார்க்கிறோம்.

"எங்களுக்கு லீவு இல்லையே அண்ணா?"

இது நியாயமான கேள்வி. மில்லில் ஷிஃப்ட் பார்க்கிற தம்பிக்கும், பெங்களூரில் வேலை பார்த்து வாரக் கடைசியில் ஊருக்கு வர்ற தங்கச்சிக்கும் ரெண்டு நாள்தான் கிடைக்கும். ஆறு நாள் லீவு போட்டு நிதானமா போன்னு சொல்றது வசதி உள்ளவன் பேச்சு.

அதுக்கு என் பதில்: நேரத்தைக் கூட்ட முடியலன்னா இடத்தைக் குறைங்க. ஆறையும் ஒரே மூச்சில் முடிச்சாத்தான் கணக்குன்னு யாரும் சொல்லல. ரெண்டு நாளில் கொடைக்கானல் ஏறி, பூம்பாறை பார்த்து, பழனி இறங்கி, ஒட்டன்சத்திரம் வழியா வீட்டுக்கு வரலாம். அடுத்த மாசம் ஒரு ஞாயிறு திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும். திருச்செந்தூருக்குத் தனியா ரெண்டு நாள். ஒரு வருஷத்தில் ஆறும் ஆயிடும். முருகன் எங்கயும் போயிடப் போறதில்ல.

ஓடினவர் நின்ன இடம்

பழனிக் கதை நமக்கெல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஒரு பழம். உலகத்தைச் சுத்தி முதல்ல வர்றவங்களுக்குத்தான்னு சொன்னதும், முருகன் மயிலேறிப் பறந்தார். அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார்.

இந்தக் கதையை வச்சு, "பார்த்தியா, ஊர் சுத்துறதுல பிரயோஜனம் இல்ல, வீட்டில் இரு"ன்னு நம்மகிட்ட சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. உலகம் சுத்தினது தப்புன்னு கதையில் யாரும் முருகனைத் திட்டல. மயில் வாகனனை நாம கும்பிடுறோம், அந்தப் பயணமும் அவர் பெருமைதான்.

ஆனா அதுக்கப்புறம் அவர் எங்க வந்தார், எப்படி நிக்கிறார்னு பாருங்க. உலகத்தையே ஒரு சுத்து சுத்தினவர் மயிலை விட்டு இறங்கி, நகையெல்லாம் கழட்டி, கோவணமும் தண்டுமா அந்த மலையில் நின்னுட்டார். ஓடினவர் நின்ன இடம் பழனி. அந்த இடத்துக்குத்தான் நாம "நாப்பது நிமிஷத்தில் வந்துட்டேன் மாப்ள"ன்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு ஓடி வர்றோம்.

எத்தனை சிசி வண்டியா இருந்தாலும் அடிவாரத்தோட சரி. அதுக்கு மேல நடந்து வந்த பாட்டியும் நாமும் ஒரே படிக்கட்டு.

பிளான் போடுறவங்களுக்குச் சில யோசனை

1. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் போதும். மலை ரோடுன்னா 150. பகல் நேரத்தில் கால்வாசியைப் பேப்பரில் காலியா விடுங்க. அது வேஸ்ட் இல்ல. அதுதான் மத்தவங்களுக்கான நேரம்.

2. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனி ரோட்டில் ராத்திரி ஓட்டவே வேணாம். பகலில் போனாலும் நடக்கிறவங்க பக்கத்தில் வேகத்தைக் குறைங்க, ஹாரனைக் காதுல அடிக்காதீங்க.

3. மலையில் ஏறுறதுக்கு முன்னாடி பெட்ரோல், காத்து, பிரேக் பாருங்க. இறங்கும்போது கியர் குறைச்சு இறங்குங்க. குறுகலான இடத்தில் ஏறி வர்ற வண்டிக்கு இறங்குறவங்கதான் வழி விடணும்.

4. பையில் முதலுதவிப் பொருள், ஒரு பாட்டில் தண்ணி, ஒரு டார்ச் கூடுதலா வைங்க. உங்களுக்கு இல்ல, வழியில் பார்க்கிறவங்களுக்கு.

5. யாராவது அடிபட்டுக் கிடந்தா நிறுத்துங்க, 108-க்குக் கூப்பிடுங்க. கேஸ் ஆகுமோன்னு பயப்பட வேணாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் நல்ல எண்ணத்தில் உதவுறவங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்குது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கின "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவில் கிடைக்குது. அந்தத் தம்பி பிளானிலும் அதே 48 மணி நேரம்தான். ஒரு 48 நாம ஓடி முடிக்கிறதுக்கு, இன்னொரு 48 ஒருத்தர் பிழைக்கிறதுக்கு.

6. வீட்டில் எப்போ வருவேன்னு நேரம் சொல்லும்போது ரெண்டு மணி நேரம் கூட்டியே சொல்லுங்க. அம்மா பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேணாம், நீங்களும் அவசரப்பட வேணாம்.

அந்தத் தம்பி இன்னும் முழுசா ஒத்துக்கல. "நாலு நாள் ஆக்கிக்கிறேன் அண்ணே, அதுக்கு மேல லீவு இல்ல"ன்னு சொல்லியிருக்கார். திருத்தணியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாமான்னு பேச்சு நடக்குது. சண்டை இல்லாம பேசுறோம், அதுவே பெரிய விஷயம்.

நீங்களும் இந்த தைக்கு பிளான் போடுறீங்கன்னா, ஒரு தடவை அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் எத்தனை மணி நேரம்னு எழுதியிருப்பீங்க. வழியில் வரப்போற முகம் தெரியாத ஒருத்தருக்கு எத்தனை நிமிஷம்னு பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்க. ஒருவேளை முருகன் ஏழாவது படை வீடா அங்கதான் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

உங்க கருத்து எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பைக்கில் கிளம்பப் போற நண்பர்களுக்கு மறக்காம அனுப்பி வைங்க.

பத்திரமா போயிட்டு வாங்க. வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!